ஊதியமில்லா எழுத்து

பழங்காநத்தத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர்களின் பேச்சுக்குச் செவிகொடுத்தால் போதும். விடுதிச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம், வந்து சேராத மதிப்பெண் பட்டியல் என ஓர் ஏட்டுக்குரிய செய்திகள் கிடைத்துவிடும். அவற்றுள் ஒன்றேனும் கல்லூரி ஆண்டு மலரில் இடம்பெறுவதுண்டா? வாழ்த்துரைகள், விழாப் படங்கள், அவற்றை அடுத்துக் கவிதைகள் என்பதே மலரின் வழக்கமான அமைப்பு. நினைவுகளைப் பேணுவது நற்பணிதான். ஆயினும் மலர் செய்தித்தாள் ஆகிவிடாது.

மாணவரின் எழுத்து எத்துணை தூரம் செல்லும் என்பதற்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. 1878இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகத் தி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் குறைகூறின. அதற்கு மறுமொழி கூறச் சட்டம் பயின்ற நால்வரும் ஆசிரியர் இருவரும் ஒன்றுகூடினர். 1 ரூபாய் 12 அணா கடன் பெற்று, 80 படிகள் அச்சிட்டு, செப்டம்பர் 20ஆம் நாள் ‘தி இந்து’ வார இதழை வெளியிட்டனர். அவர்களை எழுதத் தூண்டியது ஊதியம் அன்று. சொல்லியே ஆக வேண்டிய ஒரு செய்தி.

எனினும், மாணவர் நால்வரும் விரைவிலேயே விலகிச் சென்றனர். ஏட்டைத் தாங்கி நின்றவர்கள் ஆசிரியர்களான ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆவர். மாணவர் முயற்சிகளின் குறை இங்கேதான் உள்ளது. தொடங்குவோர் பலர், ஒப்படைத்துச் செல்வோர் சிலர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1873இல் மாணவர் தொடங்கிய ‘கிரிம்சன்’ ஏடு இன்றும் மாணவர் கையிலேயே இருக்கிறது. தலைமுறைதோறும் மூத்தோர் இளையோரைப் பழக்கிவிட்டுச் செல்வதாலேயே அது இயலுகிறது.

மற்றொரு குறையையும் கூறியாக வேண்டும். ஊதியம் பெறாதவர் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், எவருக்கும் பதில் கூற வேண்டியதில்லை என்று அவர் எண்ணிவிடலாகாது. விடுதிக் கணக்கில் முறைகேடு என்று எழுதுமுன் கணக்கேட்டைப் பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் கேட்க வேண்டும். தவறாக எழுதிவிட்டால், அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். தொண்டு என்பது பிழைக்கு மன்னிப்புச் சீட்டு அன்று.

கல்லூரி நிருவாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலருக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கையேனும் மாணவர் ஏட்டுக்கு ஒதுக்குங்கள். தாளும் அச்சும் தாருங்கள். தலையங்கத்தை மட்டும் அவர்களே எழுதட்டும். அதில் நம்மைப் பற்றிய கசப்பான உண்மை இருக்கலாம். அதைப் படித்துவிட்டு அடுத்த இதழுக்கும் தாள் தருவோமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.