தட்டில் மடிந்த செல் மருந்தாகிவிடுமா?

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதி, தாவர ஆராய்ச்சிக்கு நன்கு வாய்த்த பகுதி எனலாம். 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறித்துவக் கல்லூரியின் புதர்க்காடு, தாவரவியல் மாணவர்களுக்கு இயற்கையே அமைத்துத் தந்த சோதனைச்சாலை. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. சேலையூர், வண்டலூர், காட்டாங்கொளத்தூர் எனத் தென் புறநகரெங்கும் பல்கலைக்கழகங்கள் எழுந்துள்ளன. சற்று வடக்கே அடையாறில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. செடி, அதன் இரசாயனம், நோயாளி ஆகிய மூன்றும் ஒரு பஸ் பயணத் தொலைவுக்குள் அமைந்துவிட்டன.

இந்த நல்வாய்ப்பிலிருந்து என்ன விளைகிறது என்று பார்ப்போம். இங்கு மட்டுமல்ல, நாடெங்கும் உயிர்வேதியியல், தாவரவியல் துறைகளில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஆய்வேடுகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. “இன்ன செடியின் இலைச்சாற்றில் புற்றுநோய் எதிர்ப்புத் திறன்” என்பது அவற்றின் பொதுத் தலைப்பு. அவ்வப்போது அது செய்தியாகி, “புற்றுநோய்க்கு மூலிகை மருந்து கண்டுபிடிப்பு” என்றும் ஆகிவிடுகிறது. இந்த ஆய்வு முறையின் தகுதியையே இங்கு எடைபோட விரும்புகிறோம்.

முறை என்ன?

இலையை நிழலில் உலர்த்திப் பொடி செய்து மெத்தனாலில் ஊறவைக்கிறார்கள். கரைப்பானை ஆவியாக்கியதும் பிசின் போன்ற சாறு கிடைக்கிறது. பல குழிகள் கொண்ட தட்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்க்கிறார்கள். இவை பெரும்பாலும் ஹீலா, எம்.சி.எஃப்.-7 போன்ற, உலகெங்கும் கிடைக்கும் செல் வகைகள். சாற்றைப் பல அளவுகளில் இட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் நிறப் பொருளைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக்கும். ஊதா குறைந்தால் செல்கள் மடிந்தன என்று கொள்கிறார்கள். பாதிச் செல்கள் மடிய வேண்டிய அளவைக் கணக்கிட்டதும் ஆய்வேடு முடிந்துவிடுகிறது.

1983-ல் வெளிவந்த இந்த நிறச் சோதனை பயனுள்ளதுதான். ஆயிரக்கணக்கான பொருள்களில் எவற்றை மேலும் ஆராயலாம் என்று சலித்தெடுக்க உதவும். சல்லடையையே தராசாகக் கொள்வதுதான் தவறு.

மூன்று குறைகள்

முதலாவது, செல்லைக் கொல்வது அரிய செயலன்று. சலவைக் காரமும் கொல்லும். மிகுந்த உப்பும் கொல்லும். புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் அளவில் நல்ல செல்லைக் கொல்லாமல் விடுகிறதா என்பதே கேள்வி. நல்ல செல்களோடு ஒப்பிடாத ஆய்வு இதற்கு விடை சொல்லாது.

இரண்டாவது, அளவு. ஒரு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறு இட்டால் பாதிச் செல்கள் மடிகின்றன என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த மனிதனின் இரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் இந்தச் செறிவு வர 1 கிராம் சாறு வேண்டும். உடலிலுள்ள ஏறத்தாழ 40 லிட்டர் நீரிலும் அது பரவுமானால் 8 கிராம் வேண்டும். அதுவும் குடலில் சிதையாமல், ஈரலில் மாறாமல், சிறுநீரில் வெளியேறாமல் நிற்க வேண்டும்! மஞ்சளிலுள்ள குர்குமின் இதற்குச் சான்று. தட்டில் பலவகைச் செல்களை அது கொல்கிறது. ஆனால் பல கிராம் விழுங்கினாலும் இரத்தத்தை அடைவது மிகச் சொற்பம். 120-க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்த பின்னும், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதை மறைத்துச் செய்த தரமான சோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்று 2017-ல் வேதியியலார் தொகுத்துக் காட்டினர்.

மூன்றாவது, சோதனையே ஏமாற்றக்கூடும். இலைச்சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் சில, செல்லே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யை ஊதாவாக்கிவிடும். செல் இல்லாமல் சாற்றையும் நிறப்பொருளையும் மட்டும் சேர்த்துப் பார்க்கும் ஒப்புச் சோதனை செய்யாவிட்டால் கணக்கு பிழைபடும்.

நித்தியகல்யாணி தரும் அளவுகோல்

“மூலிகையிலிருந்து புற்றுநோய் மருந்து வரவே இல்லையா?” என்று வாசகர் கேட்கலாம். வந்திருக்கிறது. நம் வீட்டு வாசலிலும் இடுகாட்டிலும் பூக்கும் நித்தியகல்யாணியே அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடியைச் சுடுகாட்டு மல்லி என்றும் அழைக்கிறோம்.

1952-ல் ஜமைக்காவிலிருந்து இதன் இலைகள் கனடாவுக்கு வந்து சேர்ந்தன. அங்கு மக்கள் இதை நீரிழிவுக்குப் பயன்படுத்தி வந்தனர். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் சோதித்தார். எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் சாற்றை ஊசியாகப் பெற்ற எலிகள் தொற்றுநோயால் இறந்தன. காரணத்தைத் தேடியபோது அவற்றின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தது தெரிந்தது. வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமோ என்ற எண்ணம் அங்கே பிறந்தது. சார்லஸ் பீர் என்ற வேதியியலார் சாற்றிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். 1958-ல் முடிவுகள் வெளியாயின. அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவின் குழு வின்கிரிஸ்டினைப் பிரித்தது. 1963-ல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

சாறு என்ற நிலையோடு இவர்கள் நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இரு மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறிது: ஒரு நைட்ரஜன் அணுவில் ஒன்றுக்கு மெத்தில் தொகுதி, மற்றதற்கு ஃபார்மைல் தொகுதி. இரண்டுமே டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கின்றன. ஆயினும் வின்பிளாஸ்டின் முக்கியமாக எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. வின்கிரிஸ்டின் நரம்புகளைத் தாக்குகிறது. இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தருமென்றால், நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த ஒரு சாற்றுக்கு “திறன் உண்டு” என்று சொல்வதில் என்ன பொருள் இருக்க முடியும்?

அதன் பின்னரும் மருத்துவமனைப் பணி மீதமிருந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டினையும் வேறு மருந்துகளையும் சேர்த்து வகுத்த ஒரே சிகிச்சை முறையை, 1980-களில் மும்பை, டில்லி மருத்துவமனைகளோடு அடையாறு நிலையமும் கையாண்டது. நான்கு ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் 100-க்கு 20-க்கும் குறைவு என்றிருந்த நிலை, 45 முதல் 60 வரை என உயர்ந்தது. செடிக்கும் பிழைத்த குழந்தைக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவு.

நம்மவர் வேதியியல்

இத்தகைய உழைப்பு நமக்குப் புதியதன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஆர். கோவிந்தாச்சாரி, பின்னர் பம்பாய் சீபா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, விஸ்வநாதனுடன் சேர்ந்து 1972-ல் மேற்குத் தொடர்ச்சி மலை மரம் ஒன்றில் கேம்டோதெசின் இருப்பதைக் கண்டார். சீன மரம் ஒன்றிலிருந்து வாலும் வானியும் 1966-ல் அறிவித்த அதே பொருள். அதிலிருந்து உருவான இரு மருந்துகள் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பொருளின் பெயரும் அமைப்பும் தெரிந்திருந்ததால் ஒருவர் கண்டது மற்றவர்க்கும் பயன்பட்டது.

செடியை அறிவதும் அவ்வாறே. கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தாவரங்களைத் தேடித் தேடி ஆராய்ந்தார். அரிசீமா இனம் ஒன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. இன்றோ, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியோடு ஆய்வைத் தொடங்குவோரும் உண்டு. உலர்த்திய மாதிரிச் செடியை எண்ணிட்டு உலர் தாவரச் சேகரிப்பில் வைக்காவிட்டால், எந்தச் செடியை ஆராய்ந்தார்கள் என்பதே பின்னால் வருபவருக்குத் தெரியாது.

குறை யாருடையது?

மாணவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆய்வேடு அளிக்குமுன் கட்டுரை வெளியிட வேண்டும் என்று 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்த கட்டாயம் 2022-ல்தான் நீங்கியது. சில ஆண்டுகளில் முடிக்க வேண்டும், பணம் குறைவு, தூய பொருளைப் பிரிக்கக் கருவிகள் வேண்டும். எளிதில் முடிவது சல்லடை வேலைதான். ஆனால் வழிகாட்டும் பேராசிரியர்கள் ஒன்று செய்யலாம். இருபது செடிகளை இருபது மாணவர் மேலோட்டமாகச் சோதிப்பதற்குப் பதிலாக, ஒரே செடியைத் தொடர்ந்து பற்றிக்கொள்ளலாம்: ஒருவர் இனம் காண, அடுத்தவர் பிரிக்க, மூன்றாமவர் செயல்முறை அறிய. பயன் தராத முடிவையும் மதித்து வெளியிடலாம்.

இதில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. செய்தியைப் படித்த குடும்பம் பாதியில் மருத்துவமனையை விட்டு இலைச்சாற்றை நாடினால், குணமாகக்கூடிய குழந்தையும் கைநழுவிப் போகும். நித்தியகல்யாணியையே வீட்டில் அரைத்துக் குடிப்பது ஆபத்து. மருத்துவர் மில்லிகிராம் கணக்கில் அளந்து தரும் பொருள் அது.

எனவே இத்தகைய செய்தியைக் காணும்போது சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். தூய பொருள் பிரிக்கப்பட்டதா? நல்ல செல்கள் தப்பினவா? விலங்குகளில் சோதித்தார்களா? மனிதர்களில், இப்போதுள்ள சிகிச்சையோடு ஒப்பிட்டார்களா? நான்கிற்கும் “இல்லை” என்றால், அந்த ஆய்வு தொடக்கப்புள்ளியில் நிற்கிறது. தொடக்கம் இழிவானதன்று, அதை முடிவு என்று சொல்வதே தவறு.