மந்திரப் பாவைகளும் காப்பு விதிகளும்

பகடை உருட்டி ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளுக்கு முன்னோடி, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. யூத மரபுக் கதைகளில் களிமண்ணால் செய்து உயிரூட்டப்படும் கோலெம் அடுத்த ஆண்டே இதற்குள் நுழைந்தது. 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ சதை, களிமண், கல், இரும்பு என நால்வகைக் கோலெம்களை வகுத்தது. ஏறத்தாழ எந்த மந்திரமும் அவற்றிடம் பலிக்காது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் விடப்பட்டிருந்தது. இரும்புக் கோலெமை மின்னல் தளர்த்தும். நெருப்போ அதன் சிதைவைச் சீராக்கும். சதைக் கோலெமுக்கு மின்னலே மருந்து; நெருப்பும் குளிரும் அதைத் தளர்த்தும். கல்லைச் சேறாக்கும் மந்திரத்துக்குக் கற்கோலெம் தளரும். பாவை எதனால் ஆனதோ அதிலிருந்தே அதன் காப்பும் குறையும் பிறக்க வேண்டும் என்பது இந்தப் பழைய பள்ளியின் அளவுகோல். இதைவிடச் சிறந்த அளவுகோல் பின்னர் வரவில்லை என்பதே என் துணிபு.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு பாவைகள் அனைத்துக்கும் பொது விதி எழுதியது. நஞ்சு, நோய், உறக்கம், வசியம் எதுவும் செல்லாது. உயிர்நிலை இல்லாததால் அங்கே விழும் சிறப்பு அடியும் கிடையாது. தர்க்கம் சரிதான். ஆனால் மறைந்து தாக்குவதையே பலமாகக் கொண்ட பாத்திரத்தை ஏற்றவருக்கு அந்தச் சண்டையில் பெரிதாக வேலையில்லாமல் போயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தமோ, மந்திர எதிர்ப்புக்கு உட்பட்ட மந்திரங்கள் மட்டுமே கோலெமிடம் பலிக்காது என்றது. அந்த எதிர்ப்புக்கு உட்படாத அமில அம்பு இரும்பையும் கல்லையும் ஒன்றுபோலத் தாக்கியது. காரணம் அமிலத்தின் குணமன்று, மந்திரக் குறிப்பில் அச்சான ஒரு வரி. இரும்பு எதற்கு அஞ்சும் என்று யோசிக்க வேண்டிய ஆட்டக்காரர், அந்த வரிக்காகப் புத்தகத்தைப் புரட்டலானார். 2009இன் ‘பாத்ஃபைண்டர்’ என்ற இதே வகை விளையாட்டு, பாவைகள்மீதும் சிறப்பு அடி விழலாம் என்று மாற்றியது நியாயமே. மூட்டும் இணைப்பும் உள்ள எதற்கும் தளர்ந்த இடம் உண்டல்லவா?

தனித்தனி விதிவிலக்குகளை நினைவில் வைப்பது சுமை என்பார்கள். அந்தச் சுமையைக் குறைத்த 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். முழுத் தடையை நீக்கி, மந்திரத்தைத் தாங்க இரு பகடை உருட்டி உயர்ந்த எண்ணைக் கொள்ளும் சலுகையைக் கோலெமுக்குத் தந்தது. இரும்புக் கோலெம் நெருப்பில் சீராவது நீடித்தது. ஆனால் மின்னலில் தளர்வது போயிற்று. சுமை குறைந்தது, சண்டையின் சுவையும் குறைந்தது. வாசல் எங்கே என்று தெரியாத ஆட்டக்காரர் ஏமாற்றப்படுகிறார் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதற்கு விடை விதிநூலில் இல்லை, ஆட்டத்தை நடத்துபவர் கையில் இருக்கிறது. கோலெமை நிறுத்துமுன், அதன் குறையைக் காட்டும் தடயம் ஒன்றையாவது ஆட்டக்காரர் கண்ணில் படும்படி வையுங்கள்.