விருத்தாசலத்து அறையில் கிளிப்ஷ் ஆர்பி-600எம்

வீட்டில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்கும்போது கடைக்காரர் முதலில் சொல்வதும் வாங்குபவர் முதலில் கேட்பதும் வாட் கணக்கைத்தான். அதைவிட அதிகம் சொல்லும் எண் ஒன்று உண்டு, அது உணர்திறன். ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதை அது காட்டும். அலமாரி அளவு ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 84 முதல் 88 வரைக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் கிளிப்ஷ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆர்பி-600எம் ஸ்பீக்கருக்கு அந்நிறுவனம் தரும் எண் 96. ஒலியை 3 டெசிபெல் கூட்ட வாட் இரு மடங்காக வேண்டும், 10 டெசிபெல் கூட்டப் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 86 உள்ள ஸ்பீக்கர் 100 வாட்டில் எட்டும் இடத்தை 96 உள்ளது 10 வாட்டிலேயே எட்டிவிடும்.

அப்படியானால் மிச்ச மின்சாரம் எங்கே போகிறது? 86 டெசிபெல் ஸ்பீக்கரில் உள்ளே போகும் மின்சாரத்தில் ஒலியாக மாறுவது ஏறக்குறைய 0.25 சதவீதம். 96-இல்கூட 2.5 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலில் சூடாகிறது. செம்புக் கம்பி 100 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை 40 சதவீதம் அளவுக்குக் கூடும். ஓங்கி வர வேண்டிய ஒலி அந்த அளவுக்கு அமுங்கும். அமைதியாகக் கேட்கும்போது இது தெரியாது. சராசரியாக அரை வாட்டில் ஓடும் கச்சேரியில் மிருதங்கத்தின் ஒரு தட்டு 20 டெசிபெல் எழும்பினால், அந்தக் கணத்துக்கு மட்டும் 50 வாட் வேண்டும். உணர்திறன் குறைந்த ஸ்பீக்கரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தால் முதலில் மழுங்குவது அந்தத் தட்டுதான்.

சின்னப் பெட்டிகள் இப்படி இருப்பதற்கு இயற்பியலே காரணம். ஆழமான பாஸ், சிறிய பெட்டி, அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி. 1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டது. அலமாரி ஸ்பீக்கர்களின் வம்சம் அங்கிருந்துதான் பெருகியது. 1946-இல் ஆர்கன்சாவின் ஹோப் என்ற சிற்றூரில் தொழில் தொடங்கிய பால் கிளிப்ஷ் உணர்திறனை விடவே இல்லை. ஒலியை ஹார்ன் வழியாக வெளியே அனுப்பியதால், அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் 100 டெசிபெல்லையும் தாண்டியது. ஆனால் அறையின் ஒரு மூலையையே அடைத்துக்கொண்டது.

ஆர்பி-600எம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உயரம் 40 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றின் எடை 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மேலே ஒரு அங்குல டைட்டானியம் ட்வீட்டர், சதுர வாயுள்ள ஹார்னின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஹார்னின் டிராக்ட்ரிக்ஸ் வளைவு, பால் வாய்ட் 1927-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழி வந்தது. கீழே ஆறரை அங்குல வூஃபர். இரண்டும் 1500 ஹெர்ட்ஸில் கைமாறுகின்றன. ஒரு அங்குல ட்வீட்டருக்கு இது மிகவும் தாழ்ந்த எல்லை. ஹார்ன் தாங்கிப் பிடிக்காவிட்டால் நடக்காது. முன்பக்க வலைத் தட்டி காந்தத்தில் ஒட்டிக்கொள்வதால் திருகு எதுவும் கண்ணில் படுவதில்லை. பெட்டி எம்டிஎஃப் எனும் அழுத்திய மரநார்ப் பலகை, மேலே வினைல் தாள். ஐப்பசி, கார்த்திகை ஈரம் ஊறும் சுவரை ஒட்டி இதை வைக்கக் கூடாது. எம்டிஎஃப் ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

வூஃபரின் செம்பு நிறக் கூம்பு விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தனி ஆர்வம் தரக்கூடியது. அலுமினியத் தகட்டின் இரு முகங்களையும் ஆக்சைடாக்கிப் பீங்கான் தோல் ஏற்றியிருக்கிறார்கள். மெல்லிய தகடு வளையாமல் விறைத்து நிற்க அதுவே காரணம். அந்த ஆக்சைடான அலுமினா, இந்த ஊரின் செராமிக் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் ஆகிற களிமண்ணிலும் முக்கியக் கூறு. உலகத்து ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் இருக்கும் கரிய ஃபெரைட் காந்த வளையமும் பீங்கான் இனமே. இரும்பு ஆக்சைடையும் ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டையும் கலந்து சுட்டு, குண்டுகள் உருளும் ‘பால் மில்’ ஆலையில் அரைத்து, காந்தப்புலத்துக்குள் வைத்து அழுத்தி, 1200 டிகிரியை ஒட்டிய சூட்டில் மறுபடி சுடுகிறார்கள். காந்தப்புலம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே இந்த ஊர்ச் சூளைக்காரர்களுக்குப் பழகிய வேலை. சுடும்போது சுருங்குவதும், தவறி விழுந்தால் ஓரம் சில்லாகப் பெயர்வதும்கூட அப்படியே. 1978-இல் காங்கோவின் ஷாபா பகுதியில் மூண்ட சண்டையால் கோபால்ட் விலை எகிறியது. அதுவரை பல ஸ்பீக்கர்களில் இருந்த, கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தத்தின் இடத்தை இந்த ஃபெரைட் பிடித்துக்கொண்டது.

இனி அறைக்கு வரலாம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், திரை இல்லாத ஜன்னல் என்று அமைந்த வீட்டில் உயர்சுருதி ஒலி எதிலும் அடங்காமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். இயல்பிலேயே மேல்சுருதியில் சற்றுத் தூக்கலான இந்த ஸ்பீக்கர் அங்கே காதைக் குத்தும். ஹார்னை நேராகக் காதைப் பார்க்கத் திருப்பாமல் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விலக்கி வைத்து, தரையில் ஜமுக்காளம் ஒன்றை விரித்தால் பாதி உபத்திரவம் தீரும். ‘அலமாரி ஸ்பீக்கர்’ என்று பெயர் இருந்தாலும் சுவரலமாரியின் சிமென்ட் பலகை இதற்கு இடமில்லை. பாஸ் துளை பின்பக்கம் இருப்பதால் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, ஸ்டாண்டின் மேல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தவிலின் தொப்பி ஒலி வெறும் குமுறலாகிவிடும்.

சரியாக வைத்தபின் இதன் பலம் தாளத்தில் தெரிகிறது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே விழுகின்றன. மின்விசிறி முழு வேகத்தில் ஓடும் சித்திரை மதியத்திலும் அந்த வேறுபாடு மங்குவதில்லை. இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு ஆல்பம் ‘ஹவ் டு நேம் இட்’ போன்ற பதிவில் வயலின் கூட்டம் பெட்டிகளை விட்டு வெளியே வந்து அகலமாக விரிகிறது. பழைய பதிவுகளில் கதை வேறு. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ‘சிங்கார வேலனே’ பாட்டில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் சிலிர்க்க வைக்கும் அளவுக்கு எதிரே வந்து நிற்கும். கூடவே அந்தக் காலத்துப் பதிவின் கரகரப்பும் முன்னால் வரும். பெரும்பாலும் பழம்பாட்டுக் கேட்பவர்களுக்கு மென்மையான துணிக் குவிமாட ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கரே பொருந்தும். பாஸ் 45 ஹெர்ட்ஸ் வரை என்கிறது நிறுவனம். பாஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் குறை பெரிதில்லை.

96 என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சுவர்கள் சேர்த்துத் தரும் ஒலியையும் கணக்கில் எடுத்து நிறுவனம் சொல்லும் எண் அது. வெளியார் அளந்தபோது சில டெசிபெல் குறைவாகவே வந்தது. தவிர, 2.83 வோல்ட் என்பது 8 ஓமில்தான் 1 வாட். 4 ஓமில் 2 வாட். ‘8 ஓமுக்கு ஒத்துப்போகும்’ என்று சாதுரியமாக எழுதப்பட்டுள்ள இந்த ஸ்பீக்கரின் மின்தடை சில அதிர்வெண்களில் அதைவிட நன்றாகவே இறங்குகிறது. 4 ஓமைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயராகப் பார்ப்பது நல்லது. இத்தனையும் கழித்த பிறகும், இதே அளவுள்ள பெரும்பாலான ஸ்பீக்கர்களை விட இது முந்தியே நிற்கிறது. 2022-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு நிறுவனமே எண்ணை 94.5 ஆகக் குறைத்துக்கொண்டது.

ஆம்ப்ளிஃபயர் 20 வாட் போதும், ஆனால் அது இரைச்சல் இல்லாததாக இருக்க வேண்டும். மற்ற ஸ்பீக்கர்களில் கேட்காத ‘ஸ்ஸ்’ ஒலி இதில் இரண்டடி தள்ளியும் கேட்கும். மின்வெட்டின்போது ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரமும் சேர்ந்துகொள்ளும்; சைன் வேவ் இன்வெர்ட்டரோ கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் அது பெரும்பாலும் அடங்கும், பேட்டரியும் நீடிக்கும். இதைவிட மேலே போக விரும்புகிறவர்களுக்குக் கொச்சியிலேயே ரெத்ம் நிறுவனம் அதிக உணர்திறன் ஸ்பீக்கர்களைச் செய்கிறது. அவை தரையில் நிற்கும் பெரிய பெட்டிகள், விலையும் எட்டாத உயரம். அமெரிக்காவில் ஜோடி 549 டாலருக்கு அறிமுகமான ஆர்பி-600எம், இறக்குமதிச் செலவோடு இங்கே கூடுதலாகவே விழும். சென்னைக்குப் போகும்போது வீட்டில் அடிக்கடி ஓடும் இரண்டு மூன்று பாட்டைக் கைபேசியில் கொண்டுபோய், கடையில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. கடை அறையில் கம்பளமும் திரையும் இருந்தால், வீட்டில் அதைவிடக் கூர்மையாகவே ஒலிக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.