குதிக்க முடியாத கேப்டன்

டெர்ரி கவனா என்ற அயர்லாந்துக்காரர் 2010 ஜனவரியில் வெளியிட்ட வீடியோ கேமுக்கு ‘விவிவிவிவிவி’ என்று பெயர். ஆங்கில எழுத்து ஒன்று ஆறு முறை. கேப்டன் விரிடியனும் அவருடைய ஐந்து சகாக்களும் அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் கொண்டவர்கள். ஆட்டம் நெடுகத் தரையிலும் கூரையிலும் துருத்தி நிற்கும் முட்களின் வரிசைக்கும் அதே வடிவம்தான். வேறொரு பரிமாணத்தின் குறுக்கீட்டில் ஒரு விண்கலம் செயலிழக்கிறது, தப்பிக்க முயன்றவர்கள் திசைக்கொருவராகச் சிதறுகிறார்கள், கேப்டன் அவர்களைத் தேடிப் போகிறார். இவ்வளவுதான் கதை. திரை 320க்கு 240 பிக்சல். நிறங்களும் எழுத்துருவும் 1982இல் சந்தைக்கு வந்த கமோடோர் 64 கணினியை நினைவூட்டுபவை. ஆகவே இதை ‘ரெட்ரோ’ வகையில் சேர்த்து, பழைய நாட்களின் மீதான ஏக்கம் என்று விளக்கிவிடுவது எளிதாகப் போய்விட்டது. அந்த விளக்கம் இந்த ஆட்டத்துக்கும், இதன் தலைமுறையைச் சேர்ந்த அறிபுனை பிளாட்ஃபார்ம் ஆட்டங்களில், அதாவது மேடைகளையும் தடைகளையும் கடந்து செல்லும் ஆட்டங்களில், சிறந்தவற்றுக்கும் அநீதி செய்கிறது. இவற்றில் பழைய ஆட்டங்களைப் பற்றிய கறாரான விமர்சனம் இருக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்களின் வேலை இது.

இந்தத் தீர்ப்பை விளங்கிக்கொள்ள 1983க்குப் போக வேண்டும். பிரிட்டனில் மேத்யூ ஸ்மித் என்ற இளைஞர் ஸ்பெக்ட்ரம் கணினிக்காக எழுதிய ‘மேனிக் மைனர்’ இருபது குகைகள் கொண்டது. அழிந்துபோன நாகரிகம் ஒன்று விட்டுச்சென்ற ரோபோக்கள் நிலத்தடியில் இன்னும் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கின்றன. சுரங்கத் தொழிலாளி வில்லி அவற்றுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். ஒவ்வொரு குகையும் ஒரே திரை. ஒவ்வொன்றுக்கும் திரைக்குள்ளேயே எழுதப்பட்ட ஒரு பெயர். 1979இல் பூமியில் விழுந்த ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் பெயரைத் தாங்கிய குகையில் விண்கலங்கள் மேலிருந்து விழுந்து நொறுங்குகின்றன. அடுத்த ஆண்டே வந்த ‘ஜெட் செட் வில்லி’ இந்தத் திரைகளை ஒன்றோடொன்று இணைத்து, விரும்பிய திசையில் அலையக்கூடிய ஒரு பெரிய மாளிகையாக்கியது. கற்பனை வளத்தில் இரண்டும் அசாத்தியமானவை. ஆனால் ஆடுபவரை நடத்திய விதத்தில் இரக்கமற்றவை. ‘ஜெட் செட் வில்லி’யில் உயரத்திலிருந்து விழுந்து செத்தால், அந்த அறைக்குள் நுழைந்த அதே இடத்தில் வில்லி மறுபடி தோன்றுவார், நுழைந்ததே விழுந்தபடி என்றால், மறுபடி விழுந்து, மறுபடி செத்து, கையிலிருந்த லைஃப் எல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். அதைவிடக் கொடுமை, முதலில் விற்கப்பட்ட வடிவத்தில் பிழைகள் காரணமாக அந்த ஆட்டத்தை முடிக்கவே முடியாது. பிறகு நிறுவனமே திருத்தங்களை வெளியிட வேண்டியிருந்தது.

கவனா இந்த மரபிலிருந்து எடுத்துக்கொண்டவை ஒற்றைத் திரை அறைகளும் அவற்றின் குறும்பான பெயர்களும். அறைப் பெயர்களைச் சூட்டியவர் பென்னட் ஃபாடி, அவரும் ஆட்டங்கள் உருவாக்குபவர். கவனா விட்டுவிட்டது லைஃப் என்ற ஏற்பாட்டையே. காசு போட்டு ஆடும் எந்திரங்களில் ஆட்டக்காரர் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். அந்த வியாபாரக் கணக்கு, நாணயமே தேவைப்படாத வீட்டுக் கணினிகளிலும் ஒரு சடங்காகத் தொடர்ந்தது. ‘விவிவிவிவிவி’யில் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். செக்பாயிண்ட் பெரும்பாலும் சில அடி தூரத்திலேயே இருக்கும். செத்த கணத்தில் கேப்டன் அங்கே நிற்பார். அத்தோடு, பிளாட்ஃபார்ம் ஆட்டத்தின் ஆதாரச் செயலான குதிப்பதையும் எடுத்துவிட்டார். கேப்டனால் குதிக்க முடியாது. ஈர்ப்பைத் தலைகீழாக்கிக் கூரையில் போய் நிற்க மட்டுமே முடியும், அதுவும் காலடியில் ஏதாவது ஒரு பரப்பு இருக்கும்போதுதான். இந்த ஒரே ஒரு செயலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியும் ஒரு புதுக் கேள்வி எழுப்புகிறது. ஒரு பகுதியில் தொட்டவுடன் ஈர்ப்பைத் தானாகத் திருப்பிவிடும் கோடுகள். இன்னொன்றில் திரையின் ஒரு விளிம்பில் வெளியேறினால் எதிர் விளிம்பில் நுழைவோம். கோபுரப் பகுதியில் திரையே நமக்காகக் காத்திராமல் நகர்ந்துகொண்டிருக்கும். படத்தின் எளிமை இங்கேதான் தன் வேலையைச் செய்கிறது. எது சுவர், எது முள், எது ஆபத்தில்லாத அலங்காரம் என்பதில் ஐயமே எழாது. செத்தால் அது நம் விரலின் பிழை, கண்ணின் பிழை அல்ல.

கடினம் பற்றிய ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இதற்கு உதாரணமாக எல்லோரும் காட்டும் இடம் ஒன்று உண்டு. முழங்கால் உயரக் கட்டை ஒன்று வழியை மறிக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் பளபளக்கும் ஒரு சேகரிப்புப் பொருள். வேறெந்த ஆட்டத்திலும் ஒரு சின்னக் குதியில் முடியும் காரியம். இங்கே குதி கிடையாது. ஈர்ப்பைத் திருப்பி, முட்கள் நிறைந்த பல அறைகளின் வழியே மேல்நோக்கி விழுந்து, உச்சியில் மறுபடி திருப்பி, அதே முட்களின் வழியே கீழ்நோக்கி விழுந்து, கட்டையின் மறுபுறம் வந்து இறங்க வேண்டும். நடுவில் செக்பாயிண்ட் இல்லை. நூறு முறை செத்தவர்கள் உண்டு. இதை வெறும் மனப்பாடப் பயிற்சி என்று சொல்பவர்களிடம் ஓரளவு நியாயம் இருக்கிறது. கண் பார்த்து முடிவெடுக்க அங்கே நேரமில்லை, கை பழகியிருந்தால்தான் உண்டு. ஆனால் அந்தப் பொருளை எடுக்காமலே ஆட்டத்தை முடித்துவிடலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டையைத் தாண்ட முடியாமல் அண்டவெளி அளவுக்குச் சுற்றி வருவதில் இருக்கும் நகைச்சுவை, இந்த ஆட்டத்தின் ஒற்றை விதியை அதன் எல்லை வரை கொண்டுபோய்க் காட்டுவதும்கூட. அதை விரும்பாதவர் திரும்பி நடக்கலாம். அத்தோடு, ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும், முள்ளே குத்தாதபடி செய்துகொள்ளவும், பின்னணி அசைவுகளை நிறுத்தவும் தெரிவுகள் உண்டு. 1984இன் வில்லிக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை.

அறிபுனைக் கதை மெலிந்திருக்கிறது என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் உணர்ச்சி மெலிந்ததாகச் சொல்ல மாட்டேன். கேப்டனின் முகம் விரல்விட்டு எண்ணக்கூடிய பிக்சல்களால் ஆனது. வாய்க்கோடு மேலே வளைந்திருந்தால் மகிழ்ச்சி, கீழே வளைந்தால் துயரம்; அதற்கு மேல் நடிப்பு இல்லை. பல அறைகளை அடைத்துக்கொண்டு பிரம்மாண்டமான யானை ஒன்று நிறம் மாறி மாறி மினுங்கும் இடம் ஒன்று வருகிறது. அருகே போனால் கேப்டனின் முகம் வாடுகிறது. காரணம் சொல்லப்படுவதில்லை. சில பிக்சல்களின் மாற்றம் இந்த அளவுக்கு ஆடுபவரைப் பாதிக்க முடிவது, திரையில் வேறெதுவும் அந்த வேலையைப் பங்குபோட வராததால்தான்.

கதையில் இந்தச் சிக்கன உத்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று ஜப்பானில் இருக்கிறது. டைசுகே அமாயா, ‘பிக்சல்’ என்ற புனைபெயரில், ஐந்து ஆண்டுகள் தனியாளாக உழைத்து 2004 டிசம்பரில் ‘கேவ் ஸ்டோரி’யை இலவசமாக வெளியிட்டார். நிரல், ஓவியம், இசை, கதை எல்லாம் அவருடையவை. இசையமைக்கத் தேவைப்பட்ட மென்பொருளையும் அவரே எழுதினார். நினைவிழந்த ரோபோ ஒன்று மிதக்கும் தீவின் குகையில் கண்விழிக்கிறது. அங்கே முயல் போன்ற மிமிகா இனத்தவர் ஒருவர் பின் ஒருவராகக் கடத்தப்படுகிறார்கள். தன்னைப் போன்ற ரோபோக்கள் ஒரு காலத்தில் அந்தத் தீவுக்கு எதற்காக அனுப்பப்பட்டன என்பது தெரியவரும்போது, அதுவரை எளிய சாகசமாக ஓடிய ஆட்டம் போரைப் பற்றியதாக மாறுகிறது. 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்ட்’டின் தனிமையான விண்வெளிச் சுரங்கங்களிலிருந்து அமாயா கற்றுக்கொண்டது வெளிப்படை. ‘மெட்ராய்ட்’டில் பேச ஆளில்லை, இங்கே ஒவ்வொரு குகையிலும் இழக்கத் தகுந்த ஒருவர் இருக்கிறார். இதிலும் பழைய காலத்தின் ஒரு கெட்ட பழக்கம் தங்கிவிட்டது. நல்ல முடிவை அடைய, குழியில் விழுந்து கிடக்கும் பேராசிரியரிடம் பேசாமல் அவரைத் தாண்டிப் போக வேண்டும். நின்று விசாரித்தால் அவர் இறந்துவிடுவார். கருணை காட்டியவரைத் தண்டிக்கும் இந்த விதியை எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒளித்து வைத்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அந்தக் காலத்தின் குறிப்புப் புத்தக வியாபாரத்துக்குத்தான் அப்படிப்பட்ட ரகசியங்கள் பயன்பட்டன.

ஏக்கம் என்ற விளக்கத்துக்கு வலுவான ஆதாரம் இல்லாமல் இல்லை. காப்காம் நிறுவனம் 2008இல் ‘மெகா மேன் 9’ஐ முழுக்க 1980களின் வீட்டு ஆட்டக் கருவியான ஃபேமிகாமின் தோற்றத்தில் வெளியிட்டது. அந்தப் பழைய கருவியால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. கூடினால் படம் மினுங்கி மறையும். நவீன கருவியில் ஓடும் ‘மெகா மேன் 9’ அந்த மினுங்கலையும் ஒரு தெரிவாக வேண்டுமென்றே செய்து காட்டியது. ஆனால் பழைய வடிவத்தை எடுப்பதெல்லாம் ஏக்கம் அல்ல. இன்று வெண்பா எழுதுகிறவர் பழங்காலத்துக்கு ஏங்குகிறார் என்று யாரும் சொல்வதில்லை. தளை தரும் இறுக்கம் அவருக்குத் தேவைப்படுகிறது. அதே வெண்பாவை ஓலைச்சுவடி போல மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் அச்சிட்டால் அதை ஏக்கம் என்றே சொல்லலாம். ‘மெகா மேன் 9’இன் மினுங்கல் அந்தப் புள்ளி வைக்காத எழுத்து. ‘விவிவிவிவிவி’யின் 320க்கு 240, யாப்பு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததால்தான் குழப்பம். டாம் ஹாப் என்ற அமெரிக்கர், இவரும் தனியாளாக ஐந்தாண்டு உழைத்து, 2015இல் வெளியிட்ட ‘ஆக்சியம் வெர்ஜ்’ இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழியைக் கண்டது. ஆய்வகத்தில் விபத்துக்குள்ளான விஞ்ஞானி ஒருவர் அந்நிய உலகத்தில் எழுகிறார். அவர் கைக்கு வரும் கருவி எதிரிகளையும் சுவர்களையும் பழைய கேட்ரிட்ஜ் பழுதானதைப் போல உருக்குலைக்கிறது. உருக்குலைந்த எதிரி சில சமயம் உதவியாகவும் மாறுகிறது. படத்தின் பழுது இங்கே அந்த உலகத்தின் பௌதிக விதி. முப்பரிமாண யதார்த்தப் படத்தில் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

பணமில்லாதவர்களின் கலை, அதனால்தான் இப்படி இருக்கிறது என்ற வாதமும் உண்டு. தொடக்கக் காரணம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளைத் தனியாகச் செலவிட்டவர்கள் சிக்கனத்துக்காக மட்டும் அதைச் செய்ததாக நம்புவது கடினம். புதுமை இல்லை என்ற வாதம் இன்னும் பலவீனமானது. ஈர்ப்பைத் திருப்பும் உத்தி ஐரெம் நிறுவனத்தின் ‘மெட்டல் ஸ்டார்ம்’ ஆட்டத்தில் 1991இலேயே இருந்தது. அங்கே ஆடுபவர் இயக்கும் எந்திர மனிதன் குதிப்பான், சுடுவான், அத்தோடு ஈர்ப்பையும் திருப்புவான். கவனா மற்ற இரண்டையும் நீக்கியதும்தான் மூன்றாவதன் சாத்தியங்கள் வெளியே வந்தன.

வெளியானபோது எழுந்த பெரிய சச்சரவு விலையைப் பற்றியது. 15 டாலர், இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம். விமர்சகர்கள் அறைகளின் வடிவமைப்பையும், மேக்னஸ் போல்சனின் ‘பிபிபிபிபிபி’ என்ற இசைத் தொகுப்பையும் மனமாரப் பாராட்டினார்கள். பாராட்டியவர்களிலும் சிலர் விலையைக் கேட்டு முகம் சுளித்தார்கள். 2010இல் இண்டிகேட் விழாவில் விருது கிடைத்தது; பின்னர் விலை 5 டாலருக்கு இறங்கியது. நேரத்தால் வகுத்து விலை நிர்ணயிக்கும் பழக்கம் இந்தக் கலையைப் பிடித்த நோய். பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களில் ஒரே வேலையைப் பத்து இடத்தில் செய்யவைத்து நாற்பது மணி நேரமாக நீட்டுவதற்கு அதுவே காரணம். ‘விவிவிவிவிவி’யில் ஒரே யோசனை இரண்டு முறை வருவது அரிது. அதன் நீளம் அதன் யோசனைகளின் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்கிறது. விலை குறைந்ததை வாங்குபவர்களின் வெற்றியாக மட்டும் பார்க்க முடியவில்லை. தனியாள் படைப்பாளிகளின் உழைப்புக்கு மதிப்பு என்ன என்ற கேள்வியைச் சந்தை அன்று அவர்களுக்குப் பாதகமாக முடித்து வைத்தது.

கமோடோர் 64 போலத் தோன்றும் இந்த ஆட்டம் உண்மையில் எழுதப்பட்டது அடோபியின் ஃப்ளாஷில். 2010இல் அது நவீனக் கருவி. 2020 இறுதியோடு அடோபி அதைக் கைவிட்டது. 2011இலேயே சி++ மொழியில் மாற்றி எழுதப்பட்டிருந்ததால் ஆட்டம் பிழைத்தது. பத்தாம் ஆண்டு நிறைவில், 2020 ஜனவரியில், கவனா மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார். ஆட்டத்தின் நிகழ்வுகளில் பெரும்பகுதி நூற்றுக்கணக்கான எண்ணிட்ட கிளைகள் கொண்ட ஒரே பெரிய தொடராக எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து நிரலாளர்கள் வியந்தார்கள். நிரல் ஒழுங்கற்றது என்று அவரே ஒப்புக்கொண்டார். வியந்தவர்களில் சிலர் அதைச் செப்பனிடவும் முன்வந்தார்கள். அந்தக் கூட்டு உழைப்பின் பலனாக 2024இல் வந்த 2.4 பதிப்பில் ஆட்டம் பல மொழிகளில் கிடைக்கிறது. ஒரு வரிக்குள் அடங்க வேண்டிய அந்த அறைப் பெயர்களைச் சிலேடை கெடாமல் பெயர்த்தது சாதாரண வேலையல்ல. ஆடிப் பார்க்க விரும்புகிறவர்கள் ரசிகர்கள் உருவாக்கிய கட்டங்களைக் கொண்ட இலவசப் பதிப்பிலிருந்து தொடங்கலாம். புதுக் கட்டங்களை உருவாக்கும் கருவியும் அதிலேயே இருக்கிறது. முட்கள் கண்ணில் நீர் வரவழைத்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் அந்தத் தெரிவை வைத்திருக்கிறார்கள்.