கோரிக்கைப் பட்டியலில் இல்லாத மாசி மகம்

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' படம் வந்த பிறகுதான் இருளர் பழங்குடிகள் பலர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தார்கள். 2023இல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடி மக்கள் நாள், தொழிற்சங்க நாட்காட்டியிலும் ஏறிவிட்டது. அன்று ஒரு கருத்தரங்கு, மே தின மேடையில் அரை மணி நேரப் பழங்குடி ஆட்டம், ஆடியவர்களுக்குச் சால்வை. இது போதாது என்று சொன்னால் சங்கத் தோழர்களிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது: "சங்கம் வர்க்கத்துக்கானது. பண்பாட்டை மதிக்கிறோம், மேடை தருகிறோம். அவர்களுடைய தனிப் பிரச்சினைகளுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. தொழிற்சங்கத்துக்குள் வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

இந்தப் பதில் தவறு என்பது என் நெடுநாள் எண்ணம்.

தனிச் சங்கங்களின் சாதனையை மறுக்க முடியாது. 1992 ஜூனில் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் அதிகாரிகள் நடத்திய கொடுமையை வெளியே கொண்டுவந்தது மலைவாழ் மக்கள் சங்கம். 2011இல் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வரும் வரையிலும், 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்யும் வரையிலும் அது விடவில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றுக்காக நடையாய் நடக்கும் குடும்பத்துக்கு இப்படி ஒரு சங்கம் இல்லாவிட்டால் வேறு நாதியில்லை. மேடை ஆட்டத்திலும் ஒரு நன்மை உண்டு. பக்கத்தில் வேலை செய்கிறவன் யார் என்று மற்றவர்களுக்குத் தெரிகிறது.

ஆனால் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளையில் கல் அறுக்கும் இருளர் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு என்ன தருகிறது? சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு சங்கம், கூலி வேண்டுமென்றால் இன்னொரு சங்கம். அவர்கள் இருளர்களாக இருப்பதும் கூலிகளாக இருப்பதும் வெவ்வேறு விஷயமா? மழைக்காலத்தில் அடுப்பெரிய வழியில்லாதபோது மேஸ்திரி கொண்டுவந்து கொடுக்கும் முன்பணம், கையில் நிலம் இல்லாததாலும் காட்டுக்குள் போக முடியாததாலும் வாங்கப்படுவது. அந்த முன்பணந்தான் பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு அவர்களைச் சூளைக்கு இழுத்துப் போகிறது. பழங்குடியாக இழந்ததைத்தான் அங்கே கூலியாக அடைக்கிறார்கள்.

தொழிற்சங்க உறுப்பினர் படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், நிறுவனம், பணியில் சேர்ந்த தேதி, மாதச் சம்பளம், சந்தா. தனி ஆள், ஆண்டு முழுக்க வேலை, மாதச் சம்பளம் என்ற மூன்று அனுமானங்களின் மேல் அந்தத் தாள் நிற்கிறது. சூளையில் மூன்றுமே இல்லை. நள்ளிரவு தாண்டி எழுந்து கணவன் மண்ணைப் பிசைந்து அச்சில் அடிக்கிறான். மனைவி மண் சுமந்து கொடுத்து, அறுத்த கல்லை வரிசையில் வைக்கிறாள். காயும் கல்லைப் பிள்ளைகள் புரட்டிப் போடுகிறார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. வாரா வாரம் கிடைப்பது செலவுக்காசு மட்டும். மிச்சம் ஆனி, ஆடியில் கணக்கு முடிக்கும்போது, முன்பணம் போகத் தேறினால் உண்டு. கணக்கு நோட்டில் இருப்பதோ கணவன் பெயர் ஒன்றுதான். இப்படிப்பட்ட குடும்பத்தை உறுப்பினராக்க வேண்டுமென்றால் படிவம் மாற வேண்டும், சந்தா வாங்கும் காலம் மாற வேண்டும், பெண்ணின் பெயர் தனியாக ஏற வேண்டும், கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் முன்பணம் வர வேண்டும். இதில் எதையும் மாற்றாமல் ஆட்டத்துக்கு அரை மணி ஒதுக்குவதைப் பண்பாட்டு விழிப்புணர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் கையில் இல்லாமலும் இல்லை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனை அடியோடு ரத்து செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவருக்கு இடம் வைத்திருக்கிறது அதே 1976 சட்டம். அந்த இடங்களுக்குத் தன் உறுப்பினர்களை முன்மொழிந்து போராடியிருக்க வேண்டியது தொழிற்சங்கம். செய்யவில்லை. சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மீட்பு வேலையைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்று இருக்கிறது, உதவித்தொகை வருகிறது. அவர் பயனாளி ஆகிறார், உறுப்பினர் ஆவதில்லை. அடுத்த மழைக்காலத்தில் மேஸ்திரி மறுபடி வாசலில் நிற்கும்போது அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி உண்டு. பிலாய் உருக்காலைக்கு இரும்புக் கனிமம் வெட்டிய தல்லி ராஜராவின் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பெரும்பாலும் சத்தீஸ்கரின் ஆதிவாசிகள், 1977இல் பழைய சங்கங்களை விட்டு வெளியேறினார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு போனஸ், தங்களுக்கு வேறொன்று என்று அந்தச் சங்கங்கள் ஒப்புக்கொண்டதுதான் காரணம். தொழிற்சங்கத் தலைவர் சங்கர் குகா நியோகியோடு அவர்கள் கட்டிய புதிய சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, மழைக்கு முன்னால் குடிசை வேய மூங்கிலுக்கான படி. அந்தப் போராட்டத்தில், ஜூன் மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினொரு பேர் உயிரிழந்தார்கள். 1857இல் தூக்கிலிடப்பட்ட ஆதிவாசித் தலைவர் வீர நாராயண் சிங்கின் நினைவைச் சங்கம் தன் வரலாறாக எடுத்துக்கொண்டது. தொழிலாளர் உழைப்பிலேயே ஒரு மருத்துவமனையை எழுப்பியது. பண்பாடு அங்கே கோரிக்கைக்குள் இருந்தது. அந்த மூங்கில் படி எந்த வர்க்க ஒற்றுமையையும் உடைக்கவில்லை.

இனி நம் ஊருக்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வாருங்கள். பழைய இரும்பை உருக்கும் உலைகளின் முன்னால் நிற்பவர்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் ஆதிவாசி இளைஞர்களும் உண்டு. எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நம் பேச்சில் அவர்கள் மொத்தமாக 'வடக்கன்'. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அசாமின் கர்பி ஆங்லாங், ஹோஜாய் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களையும் அந்த ஒரே சொல்லால்தான் நம்மில் பலர் குறித்தார்கள். சங்கக் கூட்டம் தமிழில், துண்டறிக்கை தமிழில், வாயிற்கூட்டம் நிரந்தரத் தொழிலாளர்களின் ஷிப்டு முடியும் நேரத்தில். வெளிமாநிலத் தொழிலாளர்கள் வருவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் ஏது?

விடுமுறை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி நான்கு தேசிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் கூலியோடு விடுப்பு உண்டு. அந்த ஐந்து எவை என்பதை முடிவு செய்யும்போது தொழிலாளர்களையும் கலந்து பேச வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுப்பு. தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வரும் சூளைக்கும் இது பொருந்தும். மாசி மகத்தன்று இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள், ஆண்டுக்கு ஒரு முறை உறவு முழுவதையும் பார்க்கிறார்கள். அந்த நாள் சூளைப் பருவத்துக்குள் விழுகிறது. குடும்பத்தில் ஒருவரையாவது பிணையாக நிறுத்திவிட்டுத்தான் மற்றவர் வெளியே போக முடியும் என்பது கொத்தடிமை மீட்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் சாட்சியம். ஆக, மாசி மகத்துக்குக் குடும்பத்தோடு போய்வரும் உரிமையைக் கேட்பது பண்டிகைக் கோரிக்கை மட்டும் அல்ல. பிணையை உடைக்கும் கோரிக்கை அது. தொழிற்சங்கம் தன் வாழ்நாளில் கேட்டிருக்க வேண்டிய முதல் கோரிக்கை.

ஒன்றைக் கொடுத்தால் ஒவ்வொருவரும் தங்கள் பண்டிகையைக் கேட்பார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கேட்கட்டும். சர்ஹுல், கரம் என்ற தங்கள் ஆதிவாசிப் பண்டிகைகளை உலையடி இளைஞர்கள் கேட்டால், அவர்கள் முதன்முதலாகச் சங்கத்திடம் எதையோ கேட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிச் சங்கத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த ஆண்டின் விடுமுறைப் பட்டியல் பேச்சுக்கு வரும்போது மாசி மகத்தை அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன் சூளைக்குப் போய், கணவன் பெயரையும் மனைவி பெயரையும் தனித்தனியாக உறுப்பினர் பதிவேட்டில் ஏற்றுங்கள்.