மிகை உழைப்பும் மருதியும்: ‘துன்பக்கேணி’ குறித்து ஒரு மறுவாசிப்பு

பிழைப்பு வேளாண்மையில் தேங்கிய மிகை உழைப்பு குறைந்த கூலிக்கு முதலாளித்துவத் துறைக்குப் பெயர, இலாபம் மறுமுதலீடாகிப் பொருளாதாரம் வளரும் என்பது ஆர்தர் லூயிஸ் 1954இல் முன்வைத்த கோட்பாடு. மிகை தீர்ந்ததும் கூலி உயரும். குடியேற்றம் அதனைத் தடுக்கலாம் என்பதையும் அவரே சுட்டினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்தது இத்தடையே. உழைப்பின் ஊற்று கடலுக்கு அப்பால் தமிழக மாவட்டங்களில் இருந்தது. கங்காணியின் முன்பணம் அதனைக் கடனாற் பிணித்தது.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இக்கோட்பாட்டுக்கு ஏறத்தாழ இருபதாண்டு முற்பட்டது. கோட்பாடு மிகையைத் தொடக்கநிலையாகக் கொள்கிறது. கதையோ அது உருவாக்கப்படும் முறையைத் திருநெல்வேலிச் சிற்றூரிலேயே காட்டுகிறது. மருதி மிகையாகப் பிறந்தவள் அல்லள். சாதியும் வறுமையும் அவளை அவ்வாறு ஆக்குகின்றன. கதையின் வலிமை இதுவே. எனினும், தோட்டத்தைத் துயரின் களமாகவே காணும் அப்பார்வையில், அங்கு விளைந்த செல்வத்தில் உழைத்தோருக்குரிய உரிமை யாது என்னும் வினா முதன்மை பெறவில்லை.

அவ்வினாவை வரலாறு எழுப்பியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. வளர்ச்சிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டோர் குடிமக்கள் கணக்கில் விடுபட்டனர். கோட்பாட்டையும் கதையையும் ஒருசேரப் படிக்கும்போதே இவ்விடுபாடு புலனாகிறது.