முத்திரையும் முகமும்: இசைத்தட்டு உறைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

இசைத்தட்டின் உறையும் கச்சேரிச் சுவரொட்டியும் வெறும் விளம்பரங்கள் என்றே பலராலும் கருதப்படுகின்றன. விற்பனைக்குத் துணைபுரிவதே அவற்றின் பணி என்பதும் ஓரளவு உண்மையே. ஆயினும் உறை என்பது ஒரு சாட்சியும் ஆகும். பாடலை இயற்றியவர் யார், பாடியவர் யார், உடனிருந்து வாசித்தவர் யார் என்பதைக் கேட்போருக்கு அறிவிக்கும் கடமை அதற்கு உண்டு. காவிரிப் படுகை ஈன்ற இசையைத் தாங்கி வரும் உறைகள் இக்கடமையை எவ்வளவு நிறைவேற்றுகின்றன என்பதை இங்குச் சிந்திப்போம்.

அச்சும் உறையும் இல்லாத காலத்தில் இச்சாட்சியைப் பாடலே சுமந்தது. திருவாரூரில் பிறந்த மூவருள் தியாகராஜர் தம் பெயரையே கீர்த்தனையின் இறுதியில் பதித்தார். முத்துசாமி தீட்சிதர் ‘குருகுக’ என்றும், சியாமா சாஸ்திரிகள் ‘சியாமகிருஷ்ண’ என்றும் முத்திரை வைத்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) தம் பெயரைப் பாடலுக்குள் இழைக்கும் இம்மரபைப் பின்பற்றினார். முத்திரை பாடலின் வாயிலில் நிற்பதில்லை. பெரும்பாலும் கடைசி அடிகளில், வேண்டுதலோடு வேண்டுதலாக அமைகிறது. பாடலைச் சிதைக்காமல் அதனைப் பெயர்த்தெடுக்கவும் இயலாது. ஆக்கியோன் மறைக்கப்படவுமில்லை, முன்னிறுத்தப்படவுமில்லை என்பதே இம்மரபின் சிறப்பு.

ஒலிப்பதிவின் தொடக்கக் காலத்திலும் இதற்கு இணையான ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கக் கூறினார். ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டுகளை அச்சிட்ட தொழிலாளர் பாடகியை அடையாளம் காண இது உதவிற்று. பின்னர்ப் பழைய 78 சுழற்சித் தட்டுகளின் நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் கலைஞர் பெயரும் இராகமும் இடம்பெற்றன. உறையோ, நடுவில் துளையிட்ட வெறும் காகிதமே. ஓவியம் தீட்டிய உறை 1940இல் அமெரிக்காவில், கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்பவரால் வழக்கிற்கு வந்தது.

அதன்பின் வந்த நெடுந்தட்டின் உறை 12 அங்குலச் சதுரம். முன்புறம் முகத்திற்கு உரியது. பின்புறம் அறிவுக்கு உரியது எனலாம். இராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம் வாசித்தவர் யாவரும் பின்புறத்தில் இடம்பெற வழியிருந்தது. ஒலிநாடா வந்தபோது அவ்விடம் சுமார் 4 அங்குலமாகச் சுருங்கிற்று. இன்று கைப்பேசித் திரையில் அது விரல் நகத்தின் அளவே. இச்சுருக்கத்தில் முகம் தப்பியது, பின்புறம் அழிந்தது.

அவ்வாறாயின் முகத்தைப் பதிப்பது தவறா? அங்ஙனம் அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையை (1898–1956) நினைவுகூர்வோம். வீதியுலாவில் நின்றும் நடந்தும் வாசிப்பதே நாதஸ்வரக்காரரின் நிலையாக இருந்த காலத்தில், வாய்ப்பாட்டு வித்துவானுக்கு நிகராக மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என அவர் வலியுறுத்தினார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார். ‘நாதஸ்வரச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டத்தோடு அவர் படம் பொதுமக்கள் முன் வந்தபோது, அதில் தற்பெருமையை மட்டும் காண்பவர் குறைபடக் காண்கிறார். வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் அவர் முகத்தில் தன் மாண்பை மீட்டுக்கொண்டது. ஆதலின் முகம் நீதியின் குரலாகவும் அமையக்கூடும்.

எனினும் அதே இராஜரத்தினத்தின் நாதம் மற்றொருவரையும் சார்ந்திருந்தது. அவருக்கெனப் பாரி நாதஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அவ்வூர் நாதஸ்வரத்திற்குப் புவிசார் குறியீடு 2022இல் கிடைத்தது. ஊருக்குக் கிடைத்த இவ்வங்கீகாரம், கருவியைக் கடைந்த தனி மனிதருக்கு எந்த உறையில் கிடைக்கிறது? தஞ்சை இசை என்றவுடன் பெரிய கோவிலின் விமானத்தையும், நெல்வயலையும், பொற்றகடு பதித்த ஓவியப் பாணியையும் உறையில் நிரப்புகிறோம். நிலம் தெரிகிறது, அந்நிலத்தில் உழைத்தவர் தெரிவதில்லை. அழகு இங்கே மறதிக்குத் திரையாகிறது.

நம் திருச்சபைகளின் ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. சாஸ்திரியார் பாடல் எனத் தெளிவாக அறியப்பட்டதும் ‘பாரம்பரியப் பாடல்’ என்னும் சொல்லுக்குள் அடங்கிவிடுவதுண்டு. பாடகரின் முகமோ உறை முழுவதும் ஒளிர்கிறது. சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசே, ஒளிவீசிய தம் முகத்தின்மேல் முக்காடு இட்டுக்கொண்டதை நாம் அறிவோம். அம்முகத்தின் ஒளி அவருடையதன்று, பெற்றுக்கொண்டது. பாடகரின் ஒளியும் அவ்வாறே பலரிடமிருந்து பெற்றதாகும். பெற்றதை அறிக்கையிடாத உறை, பார்வைக்கு எத்துணை இனிதாயினும், பொய்ச்சாட்சியே.

ஆகவே உறை வரைவோரிடமும் வெளியிடுவோரிடமும் நாம் வேண்டுவது சில. இயற்றியவர் பெயர் பாடுவோர் பெயரோடு ஒரே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இடம்பெறட்டும். பக்கவாத்தியக்காரர் ‘குழுவினர்’ என்னும் ஒரு சொல்லில் கரைக்கப்படாதிருக்கட்டும். கருவி செய்தவர் இன்னார் எனத் தெரிந்தால் அவருக்கும் ஒரு வரி அளிக்கப்படட்டும். கைப்பேசியில் படம் சிறிதாயினும் அதன்கீழ்த் தரப்படும் விவரத்திற்கு எல்லையில்லை. அவ்விடத்தை வெறுமையாக விடுவதற்கு இடமின்மையைக் காரணமாகக் காட்ட இயலாது. முகம் இருக்கட்டும், முத்திரையும் உடனிருக்கட்டும்.